லேபிள் ஒட்டிய கை

“கத்தி இல்ல, ரத்தம் இல்ல, பீரோ உடையல. இருக்கறது ஒரே ஒரு பட்டன். இந்தக் கேஸை வச்சு நான் எப்படிக்கா நாலு பேருகிட்ட பெருமை அடிச்சுக்கறது?” என்றான் உதவியாளன் குண்டூசி.

“வாயை மூடிக்கிட்டு அந்த பட்டனை அமுக்கு” என்றாள் டிடெக்டிவ் அக்கா.

சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒரு டேப்லெட் பொருத்தியிருந்தார்கள். அதன் நடுவில் சாஸர் அகலத்துக்கு ஒரு சிவப்பு வட்டம். தனியாக வாழும் நோயாளிகளுக்காகச் செய்த ஆப் அது. வட்டத்தைத் தொட்டால் உதவி மையத்துக்கு அழைப்பு போகும், ஆட்கள் ஓடி வருவார்கள். இந்த வீட்டில் தனியாக இருந்த அம்மாள் போன வாரம் நெஞ்சு வலி வந்து அதைத் தொட்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து இணையம் அறுந்திருந்தது. அழைப்பு போகவில்லை. போகவில்லை என்று திரை சொல்லவும் இல்லை.

குண்டூசி இணையப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வட்டத்தை அமுக்கினான். சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு அதுவும் மறைந்தது. சிவப்பு வட்டம் ஒன்றும் அறியாதது போல் அங்கேயே இருந்தது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அலறியிருக்கணும். இந்த டேப்லெட்ல மட்டும் இன்னும் மாத்தாம அப்படியே வச்சிருக்கோம்” என்றாள் மருமகள்.

அவள்தான் நேற்று அலுவலகத்துக்கு வந்து கேஸ் கொடுத்தவள். இறந்துபோன அம்மாளின் ஒரே மருமகள். இந்த ஆப்பைச் செய்த கம்பெனியில் வேலை. திரையில் தெரிகிற அத்தனையும் அவள் எழுதியது. அலற வேண்டிய திரையை ஊமையாக்கிய மாற்றம் அவள் பெயரில், அவள் லேப்டாப்பிலிருந்து போயிருந்தது. இன்று சாயங்காலம் தவறு தன்னுடையதுதான் என்று கம்பெனியில் கையெழுத்துப் போட வேண்டும். போடத் தயாராகத்தான் இருந்தாள். “எனக்கு நியாயம் வேண்டாம் அக்கா. அதை நான் செஞ்சேனா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு ஞாபகம் இல்ல” என்றுதான் கேட்டாள்.

துப்பறியும் தொழிலில் எத்தனையோ பேர் ‘நான் செய்யவில்லை’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறாள் அக்கா. செய்தேனா என்று கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான். அக்காவுக்கு வேறு பெயர் உண்டு, அது வாடகைப் பத்திரத்தில் மட்டும் இருந்தது. அலுவலகம் இருந்த கட்டடத்தில் காவலாளியிலிருந்து வீட்டு ஓனர் வரை எல்லோருக்கும் அவள் டிடெக்டிவ் அக்காதான்.

திரைக்கு நேராக ஒரு நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருந்தது. மேசையைச் சுற்றி இருந்த மற்ற நாற்காலிகள் ஒழுங்காக உள்ளே தள்ளியிருந்தன. பட்டனை அமுக்கிய பிறகு அந்த அம்மாள் அதில் உட்கார்ந்து ஆட்களுக்காகக் காத்திருக்கிறாள். வந்துவிடுவார்கள் என்று நம்பி, சேலையைக்கூடச் சரிசெய்துகொண்டிருப்பாள். அக்காவால் அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. 

“எனக்குக் கம்ப்யூட்டர்னா மெயில் பார்க்கத்தான் தெரியும். குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லும்மா” என்றாள்.

மருமகள் மேசையருகே உட்கார்ந்தாள். அந்த ஒற்றை நாற்காலியை அவள் தொடவில்லை.

“ஆப்ல இருந்து வெளிய போற ஒவ்வொண்ணும் ஒரு ரிக்வெஸ்ட் அக்கா. பட்டனை அமுக்கினாலும் ரிக்வெஸ்ட்தான். ‘நான் நல்லா இருக்கேன்’னு டேப்லெட் அப்பப்ப சர்வருக்குச் சொல்லிக்கும், அதுவும் ரிக்வெஸ்ட்தான். எல்லாமே வெளிய போறதுக்கு முன்னாடி ஆப்புக்குள்ளயே ஒரு செக்போஸ்ட்டைத் தாண்டணும். போனது போய்ச் சேரலைன்னா திரை அலறணுமா, சும்மா விட்டுடலாமான்னு அந்த செக்போஸ்ட் முடிவு பண்ணும். ரிக்வெஸ்ட் மேல என்ன லேபிள் ஒட்டியிருக்குன்னு பார்த்து முடிவு பண்ணும்.”

“பார்சல் மேல ‘கண்ணாடிச் சாமான், பார்த்துத் தூக்கவும்’னு ஒட்டுவாங்களே, அந்த மாதிரி” என்றான் குண்டூசி.

“அதேதான். இதுல ‘சத்தம் வேண்டாம்’னு ஒரு லேபிள். டேப்லெட் சும்மா நலம் சொல்றதுக்கெல்லாம் அதை ஒட்டி வச்சிருந்தேன். அது ஒரு தடவை போகாட்டி என்ன, அடுத்த தடவை போயிடும். அதுக்கெல்லாம் அலறினா வீட்ல மனுஷங்க இருக்க முடியாது.”

“லேபிள்ல யாராவது தப்பா எதையாவது எழுதிட்டாங்கன்னா?”

“எழுத முடியாதுக்கா. இதுக்குள்ள ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணுதான் வைக்கலாம்னு முன்னாடியே வகை சொல்லிக் கட்டியிருக்கேன். வேற எதையாவது வச்சா ஆப்பே உருவாகாது. யாரும் எதுவுமே ஒட்டலைன்னா ‘இல்லை’ன்னு எடுத்துக்கும். அதாவது அலறும்.”

“ஆக, ‘ஆமா’ன்னு ஒரு கை வேணும்னே வந்து ஒட்டினாத்தான் உண்டு. தவறி விழாது.”

“விழாது. அதுவும் இந்த பட்டனுக்கு அதை ஒட்டவே முடியாதபடி தனியா ஒரு தடை வச்சிருந்தேன்.”

அவள் லேப்டாப்பைத் திறந்து ஒரு வரியைக் காட்டினாள். அந்த ஒரு வரிதான் மாற்றம். அதன் நடுவில் சின்னதாக ஒரு சொல் இருந்தது. குண்டூசி குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“எனி. அப்படின்னா?”

“வகையைப் பார்க்காதேன்னு அர்த்தம். கம்ப்யூட்டர் தடுக்குது. ‘நீ சும்மா கெட, எனக்குத் தெரியும்’னு அதோட வாயைப் பொத்தறது.”

“இதை நீ எழுதுவியா?” என்று கேட்டாள் அக்கா.

“இதை எழுதினவங்க கூட நான் சண்டையே போட்டிருக்கேன். ஆபீஸ்ல எனக்கு ‘வகை போலீஸ்’னு பேரு.”

“சரி, நீ வச்ச தடையை நீயே எடுக்கணும்னு வச்சுக்கோ. என்ன பண்ணுவே?”

“அதை எழுதின இடத்துக்குப் போய் ஒரு வார்த்தையை அழிச்சாப் போதும்.”

அக்கா நிமிர்ந்தாள். “சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு எவளாவது தன் வீட்டுக் கதவைக் கடப்பாறையால நெம்புவாளா? சாவி எங்க இருக்குன்னு தெரியாத ஆள் செஞ்ச வேலை இது.”

மருமகளின் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள். மலரவில்லை.

“தூக்கக் கலக்கத்துல நானே பண்ணியிருந்தா? அத்தை என்கிட்டதான் கேட்டாங்க அக்கா. இணையம் கொஞ்சம் தடுமாறினாலே இது அலறிடும். அந்தச் சத்தம் கேட்டாலே அவங்களுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். ‘இதை ஊமையாக்கிக் குடு கண்ணு’ன்னாங்க. முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்ல மனசு வரலை. ‘பார்க்கறேன் அத்தை’ன்னேன். நான் பார்க்கறேன்னு சொன்னா செஞ்சுடுவேன். அதான் பயமா இருக்கு.”

குண்டூசியைக் கூட்டிக்கொண்டு அக்கா எதிர்வீட்டுக்குப் போனாள்.

அங்கே துணி தைக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். தையல் மெஷினை நிறுத்தாமலே பேசினாள்.

“அது அலறினா சும்மாவா இருக்கும்? கட்டடமே எழுந்துக்கும். ரெண்டு மூணு தடவை துணியை அப்படியே போட்டுட்டு ஓடியிருக்கேன். போனா அந்தம்மா காதைப் பொத்திக்கிட்டு நிக்கும். அப்புறம் ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே வந்து, ‘இனிமே அலறாது, சொல்லியாச்சு’ன்னுச்சு.”

“யார்கிட்ட சொல்லியாச்சாம்?”

“நான் எதுக்குக் கேக்கறேன்? மருமகளே செஞ்ச மெஷின்.” மெஷின் நின்றது. “அன்னிக்கு நான் இங்கதாம்மா இருந்தேன். கதவைக்கூடத் திறந்துதான் வச்சிருந்தேன். காத்து வரட்டும்னு.”

அவள் மறுபடி மெஷினை மிதித்தாள். ஊசிக்கு அடியில் துணி இல்லை.

*

கம்பெனியில் அவர்களை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். கம்பெனித் தலைவரை எல்லோரும் ‘தலை’ என்றே அழைத்தார்கள். வழுக்கையாக இருந்ததால் அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. அவர் கைகுலுக்கிவிட்டு, எல்லாருக்கும் வருத்தம்தான், கையெழுத்து ஆகிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்றார். ‘எல்லாருக்கும்’ என்பதை அவர் அழுத்திய அழுத்தத்தில் யார் நிம்மதி என்பது தெரிந்தது.

“இவருதான்கா” என்று கிசுகிசுத்தான் குண்டூசி, அவர் போனதும். “கையெழுத்துக்கு இவ்வளவு அவசரப்படறவர் கையில ஏதோ ஒட்டியிருக்கு.”

“வழுக்கையைப் பார்த்துக் குற்றவாளி கண்டுபிடிக்கறதை எப்ப நிறுத்தப் போறே? அவருக்கு அந்த லேப்டாப்பைத் தொடவே வழியில்ல.”

“அப்ப யாரு தொட முடியும்?”

அக்கா தனக்குத் தெரிந்ததை மனதில் ஓட்டிப் பார்த்தாள். இந்தக் கம்பெனியில் திரை எழுதுகிறவர்களை ‘முன்வாசல்’ என்றும், சர்வரில் வேலை செய்கிறவர்களை ‘பின்வாசல்’ என்றும் கூப்பிட்டுக்கொண்டார்கள். திரையில் எதை மாற்றினாலும் ஒப்புதல் தர வேண்டியவள் மருமகள்தான். அவள் பெயரிலிருந்தே போகும் மாற்றத்தை வேறு யாரும் திறந்து பார்ப்பதில்லை. அப்படி ஒரு வழக்கம். அதனால்தான் அந்த ஒரு வரி கேள்வி கேட்பாரில்லாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

கதவைத் தட்டிவிட்டு ஒருவன் உள்ளே வந்தான். தாடி வளர்ந்த முகம், இஸ்திரி போடாத சட்டை. இறந்தவளின் மகன். மருமகளின் கணவன். பின்வாசல்காரர்களில் மூத்தவன்.

“அவ சாப்பிட்டாளா மேடம்?” என்றுதான் முதலில் கேட்டான்.

அக்காவுக்கு அந்தக் கேள்வியிலேயே மனம் இளகிவிட்டது. அக்காவின் சொந்தக் கல்யாணம் சண்டையே இல்லாமல் முடிந்த கல்யாணம். ஒரு குரல் உயரவில்லை, ஒரு தட்டு உடையவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். சாப்பிட்டாயா என்பது கடைசியாக நின்ற கேள்வி.

“கொஞ்சம் சாப்பிட்டா. உட்காருங்க தம்பி.”

“இதை இதோட விட்டுடலாமே மேடம். கையெழுத்துப் போட்டுட்டு வந்துடட்டும். வேற வேலை கிடைக்காமலா போகும்? தோண்டத் தோண்ட அவளுக்குத்தான் வலி.” அவன் மேசை விளிம்பையே பார்த்துப் பேசினான். “நான் அவளை எப்பவோ மன்னிச்சுட்டேன். அம்மா போன அன்னிக்கு சாயங்காலமே கையைப் பிடிச்சு சொல்லிட்டேன். தெரியாம ஒட்டிட்டே, விடு, நான் மனசுல வச்சுக்க மாட்டேன்னு.”

“அன்னிக்கு சாயங்காலமேவா? ஆபீஸ்ல அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்களா?”

“இல்ல, நான்தான் முதல்ல பார்த்தேன். சர்வருக்கு வர்ற எல்லா ரிக்வெஸ்ட்டும் ஒரு இடத்துல பதிவாகும். அம்மா அப்பப்ப சரியா இருக்கான்னு அமுக்கிப் பார்ப்பாங்க. அந்தப் பழைய அழைப்பையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். எல்லாத்து மேலயும் ‘சத்தம் வேண்டாம், ஆமா’ன்னு லேபிள் இருந்தது. பார்த்ததும் புரிஞ்சுடுச்சு.”

“அம்மா போன அன்னிக்கு உங்களால அதெல்லாம் பார்க்க முடிஞ்சுதா?”

“ஏதாவது ஒண்ணு பண்ணிக்கிட்டே இருக்கணும் போல இருந்தது மேடம்.”

அது பொய் மாதிரி இல்லை. துக்கத்தில் பாத்திரம் தேய்க்கிறவர்களை அக்கா பார்த்திருக்கிறாள். இவன் தேய்த்தது கம்ப்யூட்டரை. அவன் எழுந்து போகும்போது, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனான்.

தெருவில் நடக்கும்போது குண்டூசி பெருமூச்சு விட்டான்.

“புருஷன்னா இப்படி இருக்கணும்கா. என் பொண்டாட்டியோட செல்போனை நான் கீழ போட்டு உடைச்சேன். இன்னும் மன்னிக்கலை. வருஷா வருஷம் நினைவு நாள் கொண்டாடறா.”

“குண்டூசி.”

“சொல்லுங்க.”

“பேப்பர் போடறவன் தூங்கறவங்களை எழுப்பிடக் கூடாதுன்னு காவல்காரர்கிட்ட சொல்லி வைக்கறோம். ‘பெல் அடிக்க விடாதீங்க’ன்னு. அந்தச் சேதி பேப்பர் ஆபீஸுக்குப் போய்ச் சேருமா?”

“என்னக்கா, வெயில்ல ரொம்ப நடந்துட்டோமா?”

“செக்போஸ்ட் ஆப்புக்குள்ளதான் இருக்குன்னு அவ சொன்னா. லேபிள் செக்போஸ்ட்டுக்காக ஒட்டினது. இந்த வீட்டுத் திரை கத்தணுமா வேண்டாமாங்கறது எங்கயோ இருக்கற சர்வருக்கு எதுக்கு?”

குண்டூசி நின்றுவிட்டான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது.

“அக்கா, அப்படி இருக்காது.”

“இருக்கக் கூடாதுன்னுதான் நானும் நினைக்கறேன்” என்றாள் அக்கா. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். ஒரு கேஸில் தன் கணக்கு தப்ப வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, நான் கேட்டதே அசட்டுக் கேள்வியாக இருக்கட்டும், அவள் சிரித்துக்கொண்டு ‘போகும் அக்கா, எல்லாம் சர்வருக்குப் போகும்’ என்று சொல்லிவிடட்டும்.

*

மருமகள் மாமியாரின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் பாதி அடுக்கியிருந்தது.

“ஒரு சின்ன சந்தேகம்மா” என்றாள் அக்கா, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. “நீ சொன்ன லேபிள் சர்வருக்குப் போகுமா?”

“போகாதுக்கா. அதோட அழகே அதுதான்.” அந்த வீட்டில் முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. வேலையைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் வருவதுதான். “ஆப்புக்குள்ள இருக்கற வரைக்கும்தான் அதுக்கு உயிரு. வெளிய கால் வைக்கறப்பவே கழண்டுடும். சர்வருக்கு அப்படி ஒண்ணு இருந்ததுன்னே தெரியாது. பின்வாசல் ஆளுங்களுக்கு இதைப் புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். ரிக்வெஸ்ட் மேல எதை ஒட்டினாலும் தங்ககிட்ட வந்து சேர்ந்துடும்னே நினைச்சுக்குவாங்க. எத்தனை தடவை வீட்ல இவன்கிட்டயே...”

கைகள் நின்றன. புடவையின் ஒரு மடிப்பு அவிழ்ந்து தரையில் விழுந்தது.

“எதுக்குக்கா கேட்டீங்க?”

சொல்லாமல் இருக்க ஒரு வழி இருந்தால் அக்கா சொல்லியிருக்க மாட்டாள். அவன் சர்வரில் பார்த்ததாகச் சொன்னதை, அவன் சொன்ன வார்த்தையிலேயே சொன்னாள். மருமகள் கேட்டுக்கொண்டே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை, கத்தவில்லை. கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி மெல்லிய குரலில் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

“எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். அதுக்கப்புறம்தான் நான் போய்த் தேடினேன். என் பேர்ல இருந்தது. நானேதான் ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். அதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாது.”

“அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நீ கேக்கலையா?”

“தோணலைக்கா. அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தான்.”

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. கையெழுத்துக்கு அவளைக் கூட்டிப்போக மகன் வந்திருந்தான். அறை வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்தபடியே கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

“தம்பி, அந்த லேபிள் சர்வருக்கு வரவே வராதாம்” என்றாள் அக்கா.

“நான் வேற எங்கயாவது...” என்று தொடங்கினான். இந்த விஷயத்தில் தன் மனைவியை ஏமாற்ற முடியாது என்பது அவனுக்குத் தெரியும். மேற்கொண்டு போகவில்லை.



“அம்மா போன் பண்ணி அழுதாங்க” என்றான். “அந்தச் சத்தம் கேட்டா என் உயிரே போயிடும்டான்னாங்க. உன்கிட்ட கேட்டேன். ‘அலறத்தான் அது இருக்கு, அத்தைக்கு நான் பக்குவமா சொல்லிக்கறேன்’னே. நீ குளிக்கப் போயிருந்தே. லேப்டாப் திறந்திருந்தது. வேற ஒரு இடத்துல இருந்த லேபிளை அப்படியே எடுத்து ஒட்டினேன். விடலை. சிவப்புச் சிவப்பா தடுத்தது. வாயை அடைச்சேன். அப்புறம் நீயே கொஞ்ச நாள்ல பார்த்துட்டுத் திட்டுவே, அப்ப சொல்லிக்கலாம்னு நினைச்சேன். மறுநாள் அம்மா போன் பண்ணினாங்க. ‘ரொம்ப நாள் கழிச்சு நிம்மதியாத் தூங்கினேன்டா’ன்னாங்க.”

குண்டூசி தலை குனிந்துகொண்டான்.  

“என் மேல ஏன் போட்டே?” என்று கேட்டாள் மருமகள்.

“போடணும்னு நினைக்கலை. சத்தியமா உன்கிட்ட சொல்லத்தான் வந்தேன். நீ என் முகத்தைப் பார்த்ததுமே, ‘என் திரைதானே, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா’ன்னு கேட்டே. நான் கேக்காமலே நீயா கேட்டே. ஆமான்னு சொல்லிட்டேன். சொன்னதும் ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம் அம்மாவை நான் கொல்லலைன்னு இருந்தது. அப்புறம் அதை விட முடியலை.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வெளியே போய்விடலாமா என்று நினைத்தாள். மருமகளின் கை தன் முந்தானையைப் பிடித்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

“நீ லேபிளை ஒட்டினதை நான் புரிஞ்சுக்குவேன்” என்றாள் மருமகள். “அம்மா அழுதா யாருக்கும் கை நீளும். பயந்து பொய் சொன்னே, அதைக்கூட ஒரு நாள் மறந்துடுவேன்னு வச்சுக்கோ. ஆனா நீ என்னை மன்னிச்சே. தினமும் மன்னிச்சே. சாப்பாட்டைத் தட்டுல போட்டு, ‘சாப்பிடு, நான்தான் மன்னிச்சுட்டேனே’ன்னே. ராத்திரி தூக்கம் வராம உட்கார்ந்திருந்தா தலையைத் தடவி மன்னிச்சே. நான் உன் காலைத் தொட்டேன். நீ காலை இழுத்துக்கிட்டியா? இல்ல, தொட விட்டே.”

அவன் கதவுச் சட்டத்திலிருந்து கையை எடுத்தான். 

“நான் ஆபீஸ் போய்ச் சொல்லிடறேன்” என்றான்.  வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, “நீ வர்றியா?” என்று கேட்டான். பழக்கத்தில் கேட்டுவிட்டான் போலிருக்கிறது. கேட்டதும் தானே வெட்கப்பட்டு விடுவிடுவென்று படியிறங்கினான்.

“நான் கூடப் போறேன்கா” என்றான் குண்டூசி தாழ்ந்த குரலில். “ரோட்டைப் பார்த்து நடக்கற நிலைமைல அவரு இல்ல.”

இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். கேஸ் முடிந்துவிட்டது. அவள் செய்யவில்லை. கேட்டு வந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அக்கா அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் அவள் வந்தாள் என்று தோன்றியது.

“நீ செய்யலைம்மா” என்றாள்.

மருமகள் தலையை ஆட்டினாள். விழுந்த புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் கரையை விரலால் நீவியபடியே இருந்தாள்.

“அத்தையை எடுத்துட்டுப் போறப்ப நான் அழலைக்கா. எல்லாரும் பார்த்தாங்க. கல்நெஞ்சுக்காரின்னுகூட ஒருத்தர் சொன்னாங்க. கொன்னுட்டு அழக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அந்த உரிமை எனக்கு இல்லைன்னு நினைச்சேன்.” நிமிர்ந்து பார்த்தாள். அனுமதி கேட்கிற குழந்தையின் முகமாக இருந்தது அது. “இப்ப நான் அவங்களுக்காக அழலாமாக்கா?”

அக்கா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எதிர்வீட்டில் தையல் மெஷின் நின்றது. அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து எழுந்த குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது.